காயல்பட்டினத்துச் சாலைக்கு ஒரு பழைய டீசல் கார்

2023 டிசம்பர் மழைக்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டத்தில் பழைய கார் வாங்குவது முன்போல இல்லை. டிசம்பர் 18ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகமாக, ஒரே ஊரில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை தாண்டியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. இதெல்லாம் செய்திகளில் வந்தன. வாசலிலும் ஷெட்டிலும் தெருவோரத்திலும் நின்றிருந்த கார்களுக்கு என்ன ஆனது என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. ஓரிரு மாதத்தில் அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி சாலைக்கு வந்தன. சில விற்பனைக்கும் வந்தன.

ஆகவே இந்தக் கரையில் பழைய டீசல் கார் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது மைலேஜையும் இல்லை, மாடலையும் இல்லை. "அந்த டிசம்பரில் இந்த வண்டி எங்கே நின்றது?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். விலை, வருடம், எத்தனையாவது ஓனர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

அதற்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. டீசல் வண்டி உண்மையிலேயே தேவையா?

காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் இருக்கிறது. திருச்செந்தூர் பாதையில் ஊருக்கே ஒரு ஸ்டேஷன் உண்டு. தூத்துக்குடிக்கோ கடற்கரையோரமாக ரயில் பாதை கிடையாது. ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல், முள்ளக்காடு வழியாக சாலையில்தான் போயாக வேண்டும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். துறைமுகத்திலோ, ஸ்பிக் உர ஆலையிலோ, நகரத்து ஆஸ்பத்திரியிலோ, கல்லூரியிலோ வேலை பார்ப்பவர் தினமும் போய் வந்தால் ஒரு நாளைக்கு 70 கி.மீ., மாதம் 25 நாளுக்கு 1,750 கி.மீ. ஆகிறது. கணக்குக்காக டீசல் லிட்டர் 93 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் டீசல் செடானுக்கு மாதம் ஏறத்தாழ 8,100 ரூபாய் செலவாகும். அதே அளவுள்ள, 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு 11,800 ரூபாய். மாதம் 3,600, வருடத்துக்கு 43,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுகிற வீட்டிலோ அந்த மிச்சம் ஆயிரம் ரூபாயில் நின்றுவிடும்.

அந்த ஆயிரம் ரூபாய்க்காக டீசல் வாங்க வேண்டாம். காமன் ரெயில் டீசலில் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற நேர்ந்தால் நிறைய ஓட்டுபவரின் ஒரு வருட மிச்சமே அதில் கரைந்துவிடக்கூடும். கொஞ்சமாக ஓட்டுபவர் சில வருடங்கள் சேர்த்தால்தான் அதை ஈடுகட்ட முடியும். டர்போ, கிளட்ச் செலவுகள் தனி.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கே வேறாக இருந்தது. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே லிட்டருக்கு முப்பது ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. அப்போது கடைத்தெருவுக்குப் போய் வருபவர்கூட டீசல் கார் வாங்கினார். 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபின் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனாலும் பழைய நினைப்பு போகவில்லை. "டீசல்தான் லாபம்" என்று வாப்பா காலத்திலிருந்து கேட்ட பேச்சை நம்பி, பள்ளிக்கூடத்துக்கும் கூலக்கடை பஜாருக்கும் போய் வர டீசல் கார் எடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பெட்ரோல் கார்தான் சரி. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் அதற்கென வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் சற்றுக் குறைகிறது என்பது உண்மைதான். அதை மட்டும் காரணமாக வைத்து டீசலுக்குத் தாவுவது கணக்குக்கு ஒத்துவராது.

மின்சாரக் காரையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி தூத்துக்குடி சிப்காட்டிலேயே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. தினமும் 70 கி.மீ. போய் வந்து ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போடக்கூடியவருக்கு மின்சாரக் கார் நல்ல தேர்வு. ஆனால் புது மின்சாரக் காரின் விலையும் ஏழெட்டு வருடப் பழைய டீசல் காரின் விலையும் ஒரே பையிலிருந்து வராது. காயல்பட்டினத்துக் குடும்பங்களுக்கு வேறொரு ஓட்டமும் இருக்கிறது. வளைகுடாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ வருகிறவரை அழைத்து வர பெட்டி படுக்கையோடு திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். சென்னையில் கல்யாணம் என்றால் 600 கி.மீ.க்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்ட வேண்டும். தினசரி வேலைக்கும் இந்த நெடும்பயணத்துக்கும் ஒரே வண்டி போதும் என்று நினைப்பவருக்கு டீசல் இன்னும் பொருந்துகிறது.

சந்தையில் என்ன கிடைக்கும் என்பதை 2020 ஏப்ரல் 1 என்ற ஒரு தேதி தீர்மானித்துவிட்டது. அன்றுதான் நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. சிறிய டீசல் இன்ஜினை அந்தத் தரத்துக்கு மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி டீசலையே விட்டது. டொயோட்டா எட்டியோஸும் அதோடு நின்றது. ஆகவே ஸ்விஃப்ட் டிசையர் டீசல், எர்டிகா டீசல், எட்டியோஸ் டீசல் எதைத் தேடினாலும் கிடைப்பதில் மிக இளையதே 2020 தொடக்கத்து வண்டிதான். "2021 டிசையர் டீசல்" என்று யாராவது விளம்பரம் போட்டால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம். அதற்குப் பிந்தைய டீசல் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஹூண்டாய், கியா, டாடா, மஹிந்திரா பக்கம் போக வேண்டும்.

இவற்றில் குடும்பத்துக்கும் தினசரிப் பயணத்துக்கும் சேர்த்து முதலில் பார்க்க வேண்டியவை மாருதியின் 1.3 லிட்டர் டீசல் வண்டிகள். உண்மையில் அது ஃபியட்டின் 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, டாடாவின் விஸ்டா, மான்ஸா, ஃபியட்டின் புன்டோ, லீனியா என்று ஒரு தலைமுறைக் கார்கள் அனைத்துக்கும் அதுதான் இன்ஜின். அதனால் அதைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் அநேகமாக இல்லை, உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இழுவை மந்தம் என்பது அதன் பிறவிக்குணம். காயலின் தெருக்களில் கியரைக் குறைத்துக் குறைத்து ஓட்டும்போது அது தெரியும். முள்ளக்காடு தாண்டி நேர்ச்சாலையில் விட்டால் தெரியாது.

எட்டியோஸின் 1,364 சி.சி. டீசல் இன்ஜின் அதைவிட எளிமையானது, நீண்ட நாள் உழைப்பது. ஆனால் தமிழகத்தில் ஓடிய எட்டியோஸ்களில் பெரும்பங்கு டாக்சிகள். மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்றி விற்கப்படும் வண்டிகள் சந்தையில் தாராளம். மாற்றுவது சட்டப்படி சரிதான், அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. ஆர்.சி.யில் முதல் பதிவின் வகையைத் தேடிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இன்னோவா இந்த ஊரில் தனி மரியாதை உள்ள வண்டி. பழைய 2.5 லிட்டர் ஆகட்டும், 2016இல் வந்த கிரிஸ்டா ஆகட்டும், ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போய் வர அதற்கு நிகர் வேறில்லை. தினசரி தூத்துக்குடி போய் வரவும் அதையே வைத்துக்கொள்ளலாமா? லிட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கி.மீ. தரும் வண்டியில் மாதம் 1,750 கி.மீ. ஓடினால், மேலே பார்த்த மிச்சம் இருந்த இடம் தெரியாது. இன்னொன்று, கிரிஸ்டாவின் அகலம் 1,830 மி.மீ., முதல் தலைமுறை எர்டிகாவுக்கு 1,695. சதுக்கைத் தெருவிலோ குத்துக்கல் தெருவிலோ எதிரே ஓர் ஆட்டோ வரும்போது அந்த ஐந்தங்குலம் பெரிய விஷயம். ஏழு இருக்கையும் வேண்டும், தினசரி ஓட்டமும் உண்டு என்கிற குடும்பத்துக்குப் பழைய எர்டிகா டீசல்தான் சரியாக அமையும்.

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு டீசல்கள் ஓட்ட அருமையானவை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபின் விலை இறங்கியதால் கை அரிக்கும். பக்கத்தில் சர்வீஸ் எங்கே, பாகம் வர எத்தனை நாள் என்று விசாரித்த பிறகு வாங்கலாம்.

மாடல் முடிவானதும் வெள்ளத்துக்கு வருவோம். இந்த ஊரைப் பொறுத்தவரை விஷயமே இங்கேதான் இருக்கிறது.

டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் இந்த அழுத்தம் பத்து மடங்கை ஒட்டித்தான் இருக்கும். காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. காற்றிழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முழுக்க வளைந்தால் இன்ஜின் அங்கேயே நின்றுவிடும், வாங்குபவர் பிழைத்தார். லேசாக வளைந்தால் சில காலம் ஓடவும் செய்யும். விற்பவர் ஓட்டிக் காட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். டீசல் டேங்குக்குள் தண்ணீர் போயிருந்தால் ஹை பிரஷர் பம்ப்பும் இன்ஜெக்டரும் உள்ளுக்குள் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் அந்த நுண்ணிய பாகங்கள் ஒரு துளித் துருவையும் தாங்காது.

பழுதுச் செலவு, பாலிசியில் காருக்குக் குறித்த மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று கணக்கு முடிக்கும். ஓனருக்குப் பணம் போகும், வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் பாகமாகவும் விற்கலாம், பழுது நீக்கி முழு வண்டியாகவும் விற்கலாம். இவற்றுக்காவது ஒரு பதிவு இருக்கிறது. தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருந்தவருக்கு ஒரு பைசாவும் கிடைத்திருக்காது. கைக்காசைப் போட்டுச் சரி செய்திருப்பார், கிளெய்ம் என்ற தடயமே இருக்காது. அவரும் வெள்ளத்தில் இழந்தவர்தான், அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்த வண்டி அடுத்த குடும்பத்தின் தலையில் விடியக்கூடாது. நெல்லை, தூத்துக்குடி வண்டிகளோடு இது முடிவதும் இல்லை. அதே டிசம்பர் முதல் வாரத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பரையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வண்டி பார்க்கப் போன பையன் பானெட்டைத் திறக்கும்போதே, "அண்ணாச்சி, இன்ஜின் எப்படி இருக்கு?" என்று கேட்பான். அவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். "இன்ஜின் எங்கயும் ஓடிப் போகாது தம்பி. மொதல்ல இந்த பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுங்க." சீட் பெல்ட்டை யாரும் முழு நீளத்துக்கும் இழுப்பதில்லை. வண்டியைக் கழுவுகிறவர்கள் சீட்டைத் துவைப்பார்கள், மேட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் கடைசி இரண்டடியை மறந்துவிடுவார்கள். சுருளுக்குள் இருந்த அந்தப் பகுதியில் வண்டல் பழுப்பாகப் படிந்து, தண்ணீர் எதுவரை நின்றது என்று கோடு போட்டதுபோல நிற்கும். அடுத்து சீட் ரெயிலின் போல்ட்டுகள். பிறகு மேட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, ஹெட்லைட்டுக்குள் ஆவி, டாஷ்போர்டுக்குக் கீழே ஒயரிங் கப்ளர். தண்ணீர் பார்த்த கப்ளரில் செம்பு பச்சை பூத்திருக்கும். பல கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி நடுக் கன்சோலுக்கு அடியில், தரையோடு ஒட்டி இருக்கிறது. அது நனைந்திருந்தால் விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிள்ளைகளை ஏற்றிப் போகப் போகிற வண்டி என்பதால் இந்த ஒன்றில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

மூக்கும் உதவும். ஏ.சி.யைப் போடாமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் கால் மணி நேரம் நிறுத்தி, பிறகு கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு வாடை வருகிறதா என்று தெரியும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

காகிதத்திலும் வெள்ளம் தெரியும். தொடர்ந்து ஷோரூம் சர்வீஸ் விட்ட வண்டி 2024 ஜனவரியில் பெரிய பில்லோடு நின்றிருக்கிறதா, அல்லது அந்த டிசம்பரோடு ஷோரூம் பக்கமே போகாமல் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம்வரை ஏறியிருந்து, 2024 புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் அதற்கு முந்தைய வருடம் ஒரு கிளெய்ம் போயிருக்கிறது. என்ன கிளெய்ம் என்று கேட்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு.

வெள்ளம் ஒரு நாள் வந்து போனது. உப்பு வருடம் முழுக்க வேலை செய்கிறது. ஆறுமுகநேரியைச் சுற்றிலும் உப்பளங்கள், கிழக்கே கடல். இந்தக் காற்றில் நிற்கும் காரின் மேல் பெயின்ட் பளபளவென்று இருக்க, அடியில் மட்டும் துரு ஏறிக்கொண்டே போகும். கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, சைலன்சர், சஸ்பென்ஷன் போல்ட்டுகள், பிரேக் குழாய்கள், முன்னால் காற்று வாங்கும் ஏ.சி. கண்டென்சர் ஆகியவைதான் முதலில் அரிக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்க்காமல் விலை பேசக்கூடாது. விற்பதற்கு முன்பு புதிதாகக் கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் அடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்கலாம். கொடுக்க மறுத்தால் வேறு வண்டி பார்க்கலாம். இந்த விஷயத்தில் மதுரை, கோயம்புத்தூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஓடிய கார் கடற்கரைக் காரைவிட ஒரு படி மேல். மதுரைக்கு ஒரு நாள் போய்ப் பார்த்து வருவது வீண் செலவாகாது.

டெல்லி வண்டியும் மலிவாகக் கிடைக்கிறது. தலைநகர் வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார்கள் ஓடக்கூடாது என்ற 2015ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபின் அங்கிருந்து நிறைய டீசல் வண்டிகள் தெற்கே வந்தன. தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கரைக்குத் தூரதேசத்து வாகனங்களை இறக்கி வாங்கிய பழக்கம் எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியபோது ஹோர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து கப்பலில் வந்திறங்கும் குதிரைகளைச் சொல்கிறார். அவர் பார்த்தது பழையகாயலா காயல்பட்டினமா என்ற விவாதம் இருந்தாலும், தினமும் தூத்துக்குடி போகிறவர் இரண்டையும் கடந்துதான் போகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக்கு வருடம் ஆயிரத்து நானூறு குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஏன் வருடா வருடம் அத்தனை குதிரைகள்? வந்தவை இந்த வெக்கையில், பழக்கமில்லாத தீனியில், சரியான பராமரிப்பில்லாமல் செத்துக்கொண்டே இருந்தன. குதிரைக்கு வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, அப்படிப்பட்டவர்கள் வந்து சேராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. பராமரிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் உயர்ந்த வாகனம் வாங்குவதில் உள்ள சிக்கல் ஜெர்மன் சொகுசு டீசல் காரைப் பழைய விலையில் பார்த்து மயங்குகிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

மீட்டருக்கு வருவோம். "அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பது பழைய கார் சந்தையில் அதிகம் கேட்கும் வாக்கியம். 2014 மாடல் டீசல் கார் அறுபதாயிரம் மட்டுமே ஓடியிருந்தால் ஒன்று மீட்டரைத் திருத்தியிருக்கிறார்கள், அல்லது வண்டி ஓடாமலே நின்றிருக்கிறது. முதலாவதைக் கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானமும் ஷோரூமில் சேஸிஸ் நம்பர் கொடுத்து வாங்கும் சர்வீஸ் ரெக்கார்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, காயல்பட்டினத்துக்கே உரியது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். லீவில் வரும்போது ஓட்டவென்று வாங்கிய கார் மற்ற மாதங்களில் ஷெட்டில் நிற்கும். "ஃபாரின்காரர் வண்டி, ஓடவே இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். டீசல் இன்ஜினுக்கு அது பெருமையில்லை. மாதக்கணக்கில் நின்றால் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் ஈரம் கோத்துத் தண்ணீராகச் சேரும், ரப்பர் சீல்கள் காயும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். டயரின் பட்டை புதிதாகத் தெரியும், ஆனால் அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தால் வயது தெரியும். 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஒழுங்காகச் சர்வீஸ் விட்டு நெடுஞ்சாலையில் ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடிய கார், இப்படி நின்றே மூப்படைந்த காரைவிட நல்ல வாங்கல்.

பி.எஸ்.6 டீசல் கார்களுக்கு இன்னொரு பிரச்சினை சேர்கிறது. அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி, கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி தானாக எரிந்து சுத்தமாகும். தினமும் தூத்துக்குடி போய் வருபவருக்கு அது தன்னால் நடந்துவிடும். முந்தைய ஓனர் ஊருக்குள்ளேயே இரண்டு கி.மீ., மூன்று கி.மீ. என்று ஓட்டியவராக இருந்தால் வடிகட்டி அடைத்திருக்க வாய்ப்புண்டு. மாற்றச் செலவு அதிகம்.

ஓட்டிப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ள வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் சற்று முன்னதாகவே போய்விட வேண்டும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால் வாங்குபவர் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த நிலையில் கிளப்பச் சிரமப்படுகிற வண்டியாக இருக்கலாம். கிளம்பியதும் வரும் புகையைக் கவனிக்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, விடாமல் வெள்ளையாக வந்தால் தண்ணீரோ எரியாத டீசலோ வெளியேறுகிறது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. ரயில் இன்ஜின்போலக் குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. மூடியின் அடியிலோ டிப்ஸ்டிக்கிலோ பால் கலந்த தேநீர் நிறத்தில் பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

பிறகு சாலை. ஊருக்குள் ஒரு சுற்று போதாது. முக்காணி தாண்டி பழையகாயல்வரை ஓட்டக் கேட்க வேண்டும். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை அமுக்கினால் டர்போ எந்த இடத்தில் பிடித்து இழுக்கிறது, இழுக்கும்போது விசில் சத்தம் அளவுக்கு மீறி வருகிறதா, கண்ணாடியில் பின்னால் கரும்புகை தெரிகிறதா என்று பார்க்கலாம். ஐந்தாவது கியரில் ஏற்றத்தில் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. ஏ.சி.யைப் போட்டு, வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. தினமும் தனியாக ஓட்டுபவருக்குத் தெரியாத பின்சீட்டு முதுகுவலி உம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியில் காகித வேலை. எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் நிலுவை உண்டா என்பதெல்லாம் தெரியும். ஆர்.சி.யில் எச்.பி. என்ற கடன் குறிப்பு இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கையில் வந்தபிறகே முழுப் பணம். பதிவாகி 15 வருடத்தை நெருங்கும் காரென்றால் புதுப்பிக்க மத்தியக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரியும் எஃப்.சி.க்குத் தேறவைக்கும் வேலைகளும் சேரும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் திருச்செந்தூர் ஆர்.டி.ஓ.வுக்கோ தூத்துக்குடிக்கோ முகவரியைப் பொறுத்துப் போகும். பெயர் மாறியதிலிருந்து 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் ஓனர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "அப்புறம் மாத்திக்கலாம்" என்று வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம். கார் மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி. முதல் ஆளின் பெயரிலேயே இருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவரின் வண்டியை மச்சானோ காக்காவோ நின்று விற்றுக் கொடுக்கும்போது இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். ஆர்.சி. ஓனரின் கையெழுத்து வேண்டும், பதிவு செய்த செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அந்த நம்பர் இந்தியாவில் இயங்க வேண்டும். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு, துபாயிலோ ஹாங்காங்கிலோ இருக்கும் அவரோடு ஒரு முறை வீடியோவில் நேரடியாகப் பேசிவிட வேண்டும். 2023 டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்ற கேள்வியை அவரிடமே கேட்கலாம். அவர் லீவில் வரும் தேதியைத் தெரிந்துகொண்டு, படிவங்களில் கையெழுத்தாகிப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்த அன்றே மீதிப் பணம் என்று பேசி முடித்தால், இரண்டு வீட்டுக்கும் பின்னால் மனவருத்தம் வராது.